கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: திண்டுக்கல் தந்த பாடமும் ஒகேனக்கல் வட்டாரமும்

பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வருமுன் தடுத்துவிடக்கூடியது கருப்பைவாய்ப் புற்றுநோய். கருப்பையின் கீழ்ப்பகுதி பிறப்புறுப்புக்குள் திறக்கும் இடமே கருப்பைவாய். அங்கே புற்று வேர்விடுவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செல்களில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. அந்த மாற்றத்தைத் தேர்ந்த செவிலியர் ஒருவர் கண்ணால் பார்த்தே கண்டுகொள்ள முடியும். பெரும்பாலான பெண்களுக்கு அதே அமர்வில், சில நிமிடங்களில், மயக்க மருந்து இல்லாமலேயே அதை அகற்றவும் முடியும். இருந்தும் 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 6.6 லட்சம் பெண்களுக்கு இந்நோய் வந்தது, ஏறத்தாழ 3.5 லட்சம் பேர் இறந்தனர். இந்தியாவில் மட்டும் அவ்வாண்டில் சுமார் 1.27 லட்சம் பேர் புதிதாக நோயுற்றனர். ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

தடுக்கும் வழி தெரிந்த ஒரு நோய் இத்தனை உயிர்களைக் கொண்டுபோவதற்கு மருத்துவ அறிவின் போதாமை காரணமல்ல. பரிசோதனை உரிய பெண்ணிடம் உரிய வயதில் போய்ச் சேராததும், சேர்ந்த இடத்திலும் சிகிச்சைவரை தொடராததுமே காரணம். ஒரு வட்டாரத்தின் பெண்கள் அனைவருக்கும் பரிசோதனையைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே, திண்டுக்கல் மாவட்டத்தின் கிராமங்களில், உலகம் கவனித்த சான்று ஒன்று உருவானது. அந்தச் சான்று சொல்வது என்ன, தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல் போன்ற காடும் மலையும் சூழ்ந்த வட்டாரத்தில் அதைச் செயலாக்க என்னென்ன தேவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நோய் உருவாகும் விதம்

இந்நோய்க்கு மூலகாரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் எனப்படும் எச்பிவி. ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹாசன் தலைமையிலான குழு 1983இல் இவ்வைரஸின் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் கருப்பைவாய்ப் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தது. இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 2008இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலகில் காணப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம்.

எச்பிவி உடலுறவு வழியாகத் தொற்றுகிறது. மண வாழ்வில் உள்ள பெரும்பாலான ஆண்களும் பெண்களும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகிறார்கள். ஆகவே இது யாருடைய ஒழுக்கத்தையும் காட்டுவதல்ல. தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோரின் உடலிலிருந்து நோய் எதிர்ப்பாற்றல் ஓரிரு ஆண்டுகளில் வைரஸை நீக்கிவிடுகிறது. சிறு பகுதியினருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. அப்படித் தங்கும் வைரஸ் கருப்பைவாயின் வெளிப்புறச் செல்களும் உட்புறச் செல்களும் சந்திக்கும் எல்லையைத் தாக்குகிறது. அங்குள்ள செல்கள் முதலில் இயல்பு மாறி, பின்னர் புற்றுக்கு முந்தைய நிலையை அடைந்து, கடைசியில் புற்றாகின்றன. சாதாரண உடல்நலம் உள்ள பெண்ணுக்கு இந்தப் பயணம் 15 முதல் 20 ஆண்டுகள் வரை நீளலாம். எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே முடிந்துவிடலாம். இளம் வயதுத் திருமணம், பல பிரசவங்கள், புகையிலைப் பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

இத்தனை ஆண்டுகளிலும் உடலில் வலியோ வேறு தொந்தரவோ இருக்காது. உடலுறவுக்குப் பின் இரத்தம் படுதல், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், இடுப்பு வலி போன்றவை தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றத் தொடங்கியிருக்கும். “எனக்குத்தான் ஒன்றுமில்லையே, எதற்குப் பரிசோதனை?” என்று கேட்கும் பெண்ணுக்குத்தான் பரிசோதனை முழுப் பலன் தருகிறது.

மூன்று வகைப் பரிசோதனைகள்

முதலாவது பாப் பரிசோதனை. கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாபனிகோலாவ் உருவாக்கியது. கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது இதன் முறை. பின்லாந்து 1963இல் இப்பரிசோதனையை நாடளாவிய திட்டமாகத் தொடங்கி, மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து பெயரெடுத்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அழைப்புக் கடிதம் அனுப்பியது. காலப்போக்கில் அங்கு இந்நோய் சுமார் 80 விழுக்காடு குறைந்தது. பிரிட்டனில் 1960களிலிருந்தே பாப் பரிசோதனை நடந்துவந்தாலும் வருகிறவர்களுக்கு மட்டுமே அது செய்யப்பட்டது. பெரிய பலன் கிட்டவில்லை. 1988இல் பட்டியலிட்டு அழைக்கும் முறை வந்த பிறகு, பரிசோதிக்கப்பட்ட பெண்களின் விகிதம் 42 விழுக்காட்டிலிருந்து 1994இல் 85 விழுக்காடாக உயர்ந்தது. நோயும் இறப்பும் குறையத் தொடங்கின. பரிசோதனை மாறவில்லை, அழைக்கும் ஏற்பாடுதான் மாறியது. ஆனால் பாப் பரிசோதனைக்கு ஆய்வகமும் தேர்ந்த செல்லியல் வல்லுநர்களும் வேண்டும். முடிவு வர நாளாவதால் பெண்ணை மீண்டும் வரவழைக்கவும் வேண்டும். இந்தியக் கிராமங்களில் இது பரவலாகாததற்கு இவையே காரணங்கள்.

இரண்டாவது, அசட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறை. சுகாதாரத் துறையில் இதை வி.ஐ.ஏ. பரிசோதனை என்பார்கள். பெண் மேசையில் படுத்ததும் செவிலியர் ஸ்பெகுலம் என்னும் கருவியால் வழியை விரித்து, பிரகாசமான விளக்கொளியில் கருப்பைவாயை முதலில் அப்படியே பார்க்கிறார். பிறகு 3 முதல் 5 விழுக்காடு அசட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை அதன்மேல் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருக்கிறார். இயல்பான செல்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கும். மாற்றமடைந்த செல்களில் உட்கருவும் புரதமும் செறிந்திருப்பதால் அமிலம் பட்டதும் அவை ஒளியைத் திருப்பியனுப்பி வெண்மையாகத் தெரியும். செல் எல்லையை ஒட்டி, விளிம்பு தெளிவாக, அடர்ந்த வெண்திட்டு தெரிந்தால் அது சந்தேகத்துக்குரியது. மங்கலாகப் பரவி விரைவில் மறையும் வெண்மை பெரும்பாலும் அழற்சியால் வருவது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே செவிலியரின் திறமை. கரைசல் தயாரிப்பிலும் கவனம் தேவை. 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி அடர் அசட்டிக் அமிலம் சேர்த்தால் 5 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். அதை அன்றன்றே கலக்க வேண்டும். நீர்க்காத அமிலம் திசுவைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும் என்பதால் புட்டிகளில் அடையாளம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இம்முறையின் பெரிய வலிமை அன்றே முடிவு தெரிவது. பலவீனங்கள் இரண்டு. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் முடிவு மாறக்கூடும். அத்துடன் மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் செல் எல்லை உட்குழாய்க்குள் ஏறிவிடுவதால் 50 வயதுக்கு மேல் இது அவ்வளவாக உதவாது.

மூன்றாவது எச்பிவி பரிசோதனை. வைரஸின் மரபணுப் பொருளையே தேடுவதால் மூன்றிலும் இதுவே நுட்பமானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரேயொரு முறை செய்த எச்பிவி பரிசோதனை, முற்றிய நோயையும் இறப்பையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை அது காட்டியது. மாதிரியைப் பெண் தானே மறைவிடத்தில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது இதன் மற்றொரு சிறப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதையே முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கு 25 வயதில் தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் இதைச் செய்யலாம் என்கிறது அவ்வழிகாட்டுதல். செலவும் ஆய்வக வசதியுமே இது பரவத் தடையாக உள்ளன.

திண்டுக்கல் ஆய்வு

திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் அருகே உள்ள அம்பிளிக்கையின் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை முன்னின்று நடத்திய ஆய்வு இது. முகமையின் அறிவியலாளர் ஆர். சங்கரநாராயணன் தலைமை வகித்தார். ஆய்வுக்காக மாவட்டத்தில் 114 பகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. குலுக்கல் முறையில் 57 பகுதிகளின் பெண்களுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. பரிசோதனை, மற்ற 57 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்கள் இதில் அடங்குவர். 2000ஆம் ஆண்டில் தொடங்கி 2006 வரை அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். பரிசோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

பரிசோதனைக்கு உரியவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காடு. வீடு தேடி அழைத்தும் ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் வரவில்லை. வந்தவர்களில் 3,088 பேருக்கு, பத்தில் ஒருவர் என்ற கணக்கில், வெண்திட்டு தெரிந்தது. அவர்களில் 36 பேர் நீங்கலாக மற்ற அனைவருக்கும் கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி செய்யப்பட்டது. 2,539 பேரிடம் திசு எடுத்துச் சோதிக்கப்பட்டது. 1,874 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தொடக்கநிலை மாற்றங்கள். இவர்களில் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றார்கள். ஐந்நூறு பேருக்கு மேல், மாற்றம் இருப்பது தெரிந்தும், சிகிச்சை பெறவில்லை.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் கிடைத்த பலன் பெரிது. பரிசோதனை நடந்த பகுதிகளில் 167 பேருக்குப் புற்றுநோய் வந்தது. 83 பேர் இறந்தனர். ஒப்பீட்டுப் பகுதிகளில் பெண்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தும் 158 பேருக்கு நோய், 92 இறப்புகள். இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடுகளைச் சரிசெய்து கணக்கிட்டபோது, பரிசோதனை நோயை 25 விழுக்காடும் இறப்பை 35 விழுக்காடும் குறைத்திருந்தது. 30 முதல் 39 வயதினருக்கே பலன் மிக அதிகம். 2007 ஆகஸ்டில் தி லான்செட் இதழில் வெளியான இந்த முடிவு, விலையுயர்ந்த ஆய்வகம் இல்லாத நாடுகளுக்குப் புது நம்பிக்கை தந்தது. பின்னர் மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை, சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு ஈராண்டுக்கு ஒருமுறை நடத்திய வி.ஐ.ஏ. பரிசோதனையும் இறப்பை 31 விழுக்காடு குறைத்தது. இந்திய ஆய்வுகளில் ஒப்பீட்டுப் பகுதிப் பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்படாதது சரியா என்ற அறநெறிக் கேள்வியும் பின்னாளில் எழுந்தது. அப்பெண்களும் சேர்ந்து தந்த சான்று இது என்பதால், அதைப் பயன்படுத்தாமல் விடுவது இன்னும் பெரிய தவறாகும்.

ஒரு வட்டாரத் திட்டத்துக்கு இந்த எண்கள் அளவுகோலாகின்றன. தகுதியுள்ள பெண்கள் 1,000 பேர் இருக்கும் ஊராட்சியில், திண்டுக்கல் விகிதப்படி, சுமார் 636 பேர் வருவார்கள். 63 பேருக்கு வெண்திட்டு தெரியும். 38 பேருக்குச் செல் மாற்றம் உறுதியாகும். 27 பேர் சிகிச்சை பெறுவார்கள். வராத 364 பேரும், மாற்றம் தெரிந்தும் சிகிச்சை பெறாத 11 பேரும்தான் திட்ட அமைப்பாளர்கள் முதலில் கவலைப்பட வேண்டியவர்கள்.

ஆய்வுக்குப் பின் தமிழ்நாடு

உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007 முதல் 2010 வரை தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முன்னோட்டமாக நடத்தப்பட்டது. 2012இலிருந்து 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான வி.ஐ.ஏ. பரிசோதனை மாநிலம் முழுவதும் விரிந்தது. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறது.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு. இந்திய அளவில் இது 1.9 விழுக்காடுதான். நாட்டிலேயே முன்னணியில் உள்ள மாநிலத்திலும் பத்தில் ஒன்பது பெண்களைப் பரிசோதனை எட்டவில்லை. மருத்துவமனைக்கு வேறு காரணமாக வரும் பெண்ணைப் பார்த்துச் சோதிக்கும் முறையின் எல்லை இதுவே. இதை உணர்ந்து 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில், வீடு தேடி அழைத்துப் பரிசோதிக்கும் புற்றுநோய்க் கண்டறியும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் அறிவித்த இலக்கு இன்னும் உயரமானது. 2030க்குள் 15 வயதுக்குட்பட்ட சிறுமியரில் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி, 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் 70 விழுக்காட்டுப் பெண்களுக்கு நுட்பமான பரிசோதனை, மாற்றமோ நோயோ கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பதே அது.

ஒகேனக்கல் வட்டாரத்தின் நிலைமை

தருமபுரி நகரிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர் தொலைவில், பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டுச் சாலையில் இறங்கினால் காவிரிக் கரையில் ஒகேனக்கல். ஆற்றின் மறுகரை கர்நாடகம். அங்குள்ள அருவியைச் சுற்றி ஊட்டமலை போன்ற சிற்றூர்கள் இருக்கின்றன. பென்னாகரம் ஒன்றியத்திலேயே கோட்டூர்மலை, ஏரிமலை, அலகட்டு போன்ற மலையூர்கள், நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவர வேண்டிய நிலையில் நெடுங்காலம் இருந்தவை. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாகப் புழங்கும் பகுதி இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 60 விழுக்காடு அளவிலேயே இருந்தார்கள். குழந்தைத் திருமணங்கள் இன்னும் முற்றாக ஒழியாத மாவட்டமும்கூட. மழையை நம்பிய மானாவாரி நிலம் கைவிடும்போது குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலை, ஆலை வேலை தேடிப் போவதும் இங்கு வழக்கம்.

ஒகேனக்கல் பெண்களின் பிழைப்பு சுற்றுலாவை ஒட்டியது. பயணிகள் வாங்கித் தரும் மீனை வறுத்துக் குழம்பு வைத்துச் சமைத்துக் கொடுப்பது, கடை வைப்பது, விடுதிகளைத் துப்புரவு செய்வது போன்ற வேலைகள் அவர்களுடையவை. சனி, ஞாயிறு, ஆடிப்பெருக்கு, பள்ளி விடுமுறை நாட்களில்தான் வருமானம். மருத்துவ முகாமுக்காக அந்த நாளை இழக்க எந்தப் பெண்ணாலும் முடியாது.

இந்த வட்டாரத்துக்குச் சில வலுவான அடித்தளங்களும் இருக்கின்றன. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. பென்னாகரத்தில் அரசு மருத்துவமனை உண்டு. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமாக வீடு வீடாகச் சென்று பழகியவர்கள். எல்லோரையும் எட்டும் தடுப்பு முயற்சியும் இம்மண்ணுக்குப் புதிதல்ல. நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளூரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு, ஜப்பான் நிதியுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 முதல் காவிரி நீரைக் கொண்டுசெல்கிறது.

திட்டத்தின் படிகள்

முதல் படி, பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு குக்கிராமத்திலும் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்கள் யார் யார் என்பது குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதப்பட வேண்டும். வெளியூர் வேலைக்குப் போனவர்களின் பெயரையும் நீக்கக் கூடாது. அவர்கள் ஊர் திரும்பும் மாதத்தைக் குறித்துவைக்க வேண்டும். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருகிறவர்களை எதிர்பார்த்து, அதையொட்டி ஒரு முகாம் வைத்தால் அவர்களையும் எட்டலாம். பட்டியல் இல்லாத திட்டத்தில் வந்தவர்களை எண்ண முடியுமே தவிர, வராதவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, அழைப்பு. சுவரொட்டியும் துண்டறிக்கையும் எழுத்தறியாத பெண்ணிடம் பேசாது. அவருக்குப் பழக்கமான பெண் ஒருவர் வீட்டுக்கே போய், அவர் மொழியில் பேச வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், நூறுநாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை வரிசை ஆகியவை நல்ல வாய்ப்புகள். திண்டுக்கல்லில் இளையவர்களும் ஓரளவு படித்தவர்களுமே அதிகம் வந்தனர். ஆகவே 40 வயதைக் கடந்த, படிக்காத, தனித்து வாழும் பெண்களுக்கே இரண்டாம், மூன்றாம் அழைப்பு தேவைப்படும். பரிசோதனைக்கு எத்தனை நிமிடம் ஆகும், வலிக்குமா, யார் பார்ப்பார்கள் என்பவற்றை முன்னதாகவே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். கணவரிடமும் மாமியாரிடமும் பேசுவது அழைப்பின் ஒரு பகுதியே.

மூன்றாவது, இடமும் நேரமும். ஒகேனக்கல்லில் முகாம் வாரநாட்களில் நடக்க வேண்டும். கர்நாடக அணைகளிலிருந்து திறக்கும் நீரால் வெள்ளம் கூடிப் பரிசல் இயக்கமும் குளியலும் தடைபடும் நாட்களில், வேலையின்றி இருக்கும் பெண்களுக்காகக் கூடுதல் முகாம் வைக்கலாம். மலையூர்களுக்குக் குழுவே ஏறிப் போக வேண்டும். பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ எதுவானாலும் கதவு தாழிடக்கூடிய அறை, திரை, கழிப்பறை, தண்ணீர், மின்சாரம் போனாலும் எரியும் விளக்கு ஆகியவை கட்டாயம். பரிசோதிப்பவர் பெண்ணாக இருப்பதும் அவசியம். ஓர் ஊரில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அவமதிப்பு அந்த ஊரையே அடுத்த முகாமுக்கு வராமல் தடுத்துவிடும்.

நான்காவது, பரிசோதனையின் தரம். முதன்முறை சோதிக்கப்படும் பெண்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு வெண்திட்டு தெரிவது எதிர்பார்க்கக்கூடியது. ஒரு செவிலியர் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்தும் ஒன்றிரண்டு பேரையே குறித்தால் அவர் தவறவிடுகிறார் என்றும், நான்கில் ஒருவரைக் குறித்தால் அழற்சியையும் சேர்த்துக் குறிக்கிறார் என்றும் ஐயப்பட வேண்டும். இருவருக்கும் மறுபயிற்சி தேவை. கருப்பைவாயைக் கைபேசியில் படமெடுத்து, பெயரில்லாமல், பெண்ணின் ஒப்புதலுடன் மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது தரத்தைக் காக்கும். காசநோயைக் கண்டறியப் பயன்படும் ட்ரூநாட் போன்ற சிறு கருவிகளில் எச்பிவி சோதனையும் வந்துவிட்டதால், பெண் தானே எடுத்த மாதிரியை மலையூரிலிருந்து பென்னாகரத்துக்குக் கொண்டுவந்து சோதிக்கும் வழியும் இன்று திறந்திருக்கிறது.

ஐந்தாவது, அன்றே சிகிச்சை. திட்டத்தின் உயிர்நாடி இதுவே. வெண்திட்டு சிறியதாகவும், முழுவதும் கண்ணுக்குத் தெரியக்கூடியதாகவும், புற்று என்ற சந்தேகம் இல்லாமலும் இருந்தால் உறைய வைத்தோ வெப்பத்தாலோ அதை அழிக்கலாம். உறைய வைக்கும் முறையில் கரியமில வாயுவோ நைட்ரஸ் ஆக்சைடோ கொண்டு மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் இளக விட்டு, மீண்டும் மூன்று நிமிடம் உறைய வைப்பார்கள். இதற்கு எடைமிக்க வாயு உருளைகள் வேண்டும். வெப்ப முறைக்கோ மின்கலத்தில் இயங்கும் கைக்கருவி போதும். சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூடான முனையை 20 முதல் 30 விநாடி வைத்தால் மாறிய செல்கள் அழிந்துவிடும். 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற இந்த முறை, தோளில் மாட்டிக்கொண்டு மலையேறும் குழுவுக்கு ஏற்றது. சிகிச்சைக்குப் பின் சில வாரம் பிறப்புறுப்பிலிருந்து நீர்போன்ற கசிவு இருக்கும். நான்கு வாரம் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். கணவருக்கு இதைச் செவிலியரே விளக்கிவிடுவது நல்லது.

வெண்திட்டு என்றாலே புற்று என்று பெண் எண்ணிவிடக் கூடாது. “புற்று வராமல் தடுக்கத்தான் இந்தச் சிகிச்சை” என்ற ஒரு வாக்கியம் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். இல்லையேல் பயந்து வீட்டுக்குப் போனவர் திரும்ப வரமாட்டார். ஊரிலும் தவறான பேச்சு பரவும்.

ஆறாவது, மேல்சிகிச்சை. திட்டு உட்குழாய்க்குள் நீண்டிருந்தாலோ மிகப் பெரியதாக இருந்தாலோ மின்கம்பி வளையத்தால் திசுவை வெட்டியெடுக்கும் சிகிச்சைக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். புற்று என்று சந்தேகம் எழுந்தால் திசுப் பரிசோதனை, ஸ்கேன், அறுவை அல்லது கதிர்வீச்சு எனப் பாதை நீளும். அப்பெண்ணோடு ஒரு தன்னார்வலர் முதல்முறை உடன் செல்வதும், வண்டிச் செலவை ஏற்பதும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையை ஆயத்தமாக வைத்திருப்பதும் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே இடம்பெற வேண்டும். சென்னையைவிடப் பெங்களூரு பக்கம் என்பதால், மாநில எல்லையைத் தாண்டிச் சிகிச்சைக்குப் போகிறவர்களின் விவரமும் பதிவேட்டுக்குத் திரும்ப வர வழி செய்ய வேண்டும்.

ஏழாவது, பதிவும் தொடர்கவனிப்பும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வந்தாரா, முடிவு என்ன, சிகிச்சை எந்த நாளில், ஓராண்டுக்குப் பின் மறுபார்வை நடந்ததா, அடுத்த பரிசோதனை எந்த ஆண்டில் என்பவை நிரப்பப்பட வேண்டும். திட்டத்தின் வெற்றியை முகாம்களின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. தகுதியுள்ளவர்களில் எத்தனை விழுக்காட்டினர் சோதிக்கப்பட்டனர், மாற்றம் தெரிந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் சிகிச்சையை முடித்தனர் என்ற இரண்டு எண்களே அளவுகோல். மாதந்தோறும் இவற்றை ஊராட்சிவாரியாகப் பார்க்கும் பொறுப்பு பெயர் குறிப்பிட்ட ஓர் அலுவலரிடம் இருக்க வேண்டும்.

தடுப்பூசியும் பரிசோதனையும்

எச்பிவிக்கு எதிரான தடுப்பூசி இன்று இந்தியாவிலேயே தயாராகிறது. புனேயின் சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் தடுப்பூசிக்கு 2022இல் ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைக் கட்டங்கட்டமாக வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. ஆனால் தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்காது. இன்று 14 வயதில் ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமி நாற்பதை எட்டும்போதுதான் அதன் முழுப்பலன் தெரியும். இன்று 30 வயதைக் கடந்திருக்கும் அவள் தாய்க்குப் பரிசோதனை ஒன்றே பாதுகாப்பு. பள்ளியில் மகளுக்கு ஊசி போடும் நாளிலேயே தாய்க்கும் பரிசோதனை அழைப்பைக் கொடுத்துவிட்டால் இரண்டு தலைமுறைகளும் ஒரே முயற்சியில் பயனடையும்.

திண்டுக்கல் கிராமங்களில் ஒரேயொரு முறை செய்த எளிய பரிசோதனை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறப்பைக் குறைத்தது. அது நடந்து கால் நூற்றாண்டாகிறது. ஒகேனக்கல்லில் அதைச் செய்ய விளக்கும் பஞ்சும் நீர்த்த அமிலமும் கைக்கருவியும் போதும். அவற்றுக்குப் பின்னால் நேர்மையான பெயர்ப் பட்டியலும், வராதவரைத் தேடிப்போகும் பெண் பணியாளரும், சிகிச்சைவரை விடாமல் தொடரும் நிர்வாகமும் இருந்தாக வேண்டும். 30 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும் தொந்தரவு எதுவும் இல்லாதபோதே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். வீட்டிலுள்ள ஆண்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும்.